வீதியும் விதியும்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு சமுதாயம் தன் துன்பங்களுக்கு இடும் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. ஒரு மரணத்தை விபத்து என்பதா, கொலை என்பதா, விதி என்பதா என்று தீர்மானிக்கும்போதே அம்மரணத்துக்குப் பொறுப்பாளர் உளரா இலரா என்ற தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகின்றது. வீதிகளில் நிகழும் மரணங்களைப் பொறுத்தவரை 'விபத்து' என்னும் சொல்லே எங்கும் நிலைபெற்றுள்ளது. தமிழர் வழக்கில் 'எல்லாம் விதி' என்ற ஆறுதலும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. ஆயின் தமிழில் விதி என்னும் சொல் இருபொருள் உடையது. அது ஊழையும் குறிக்கும். மனிதர் வகுத்த சட்டத்தையும் குறிக்கும். ஊழ் மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது எனக் கருதப்படுவது. சட்டமோ மனிதரால் ஆக்கப்பட்டது. ஆதலால் மனிதரால் மாற்றத்தக்கது. வீதியில் நடந்து செல்வோரும் துவிச்சக்கரவண்டியிற் செல்வோரும் மாண்டுபோவது இவ்விருவகை விதிகளுள் எதன்பாற்படும் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

தேர்க்காலும் கன்றும்

வீதியில் நிகழ்ந்த மரணம் ஒன்றனை நீதியின் அளவுகோலாகக் கொண்ட கதை தமிழருக்குப் புதியதன்று. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரனின் தேர்ச்சில்லில் அகப்பட்டுப் பசுக்கன்று ஒன்று மாண்ட வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைக்க, மனுநீதிச்சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது அக்கதை. அனுராதபுரத்திலிருந்து ஆட்சிபுரிந்த எல்லாளனைப் பற்றி மகாவம்சமும் ஏறக்குறைய இதே கதையைக் கூறுகின்றது. பகைவன் என்று தான் கருதிய மன்னனின் நடுநிலைமையை அந்நூலும் மறைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

இக்கதையில் மூவகை மனப்பாங்குகளைக் காணலாம். அமைச்சர்கள் இதற்குக் கழுவாய் உண்டு என்கின்றனர். நிகழ்ந்தது தற்செயல், உரிய சடங்கைச் செய்து அமையலாம் என்பது அவர்தம் நிலைப்பாடு. மன்னன் அதனை ஏற்கவில்லை. கன்றின் உயிரும் உயிரே, அதனை இழந்த தாயின் துயரும் துயரே, எனவே தேரைச் செலுத்தியவன் பொறுப்பேற்றல் வேண்டும் என்கின்றான். மூன்றாவது பசுவின் நிலை. அது வாய் திறந்து வாதாடவில்லை. மணியை மட்டுமே அசைத்தது. ஆயினும் அம்மணி ஒலித்திராவிடின் அமைச்சரும் மன்னரும் எதிரெதிரே நின்று வாதிடும் தேவையே எழுந்திராது.

மன்னனின் நீதி பெருமைக்குரியதே. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தேரோட்டியைத் தண்டிப்பதால் இறந்த கன்று எழாது. அடுத்த நாள் அதே வீதியில் வரும் மற்றொரு கன்றுக்கும் பாதுகாப்புக் கிட்டாது. கன்றுகள் நடமாடும் தெருவில் தேர்கள் எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்ற வினாவை அக்கதையில் எவரும் எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பியமையே இருபதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் தோன்றிய மக்கள் இயக்கமொன்றின் சிறப்பாகும்.

நெதர்லாந்தில் ஒலித்த மணி

துவிச்சக்கரவண்டிக்குப் பெயர்பெற்ற நாடாக நெதர்லாந்து இன்று விளங்குகின்றது. இது அந்நாட்டு மக்களின் பிறவிக்குணம் எனவோ அந்நிலத்தின் சமதரையால் விளைந்தது எனவோ கருதுவோர் பலர். வரலாறு இக்கருத்தை முழுமையாக ஆதரிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டில் மோட்டார் வாகனங்கள் பெருகின. வீதிகளை அகலப்படுத்துவதற்காக நகரங்களிற் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. துவிச்சக்கரவண்டிப் பயணம் வேகமாகக் குறைந்தது. 1971 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் வீதிகளில் மாண்டனர். அவர்களுள் 400 இற்கு மேற்பட்டோர் சிறுவர். நிலம் அன்றும் சமதரையாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது.

தம் மகளை வீதியிற் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹொஃப் 1972 இல் எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பு 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்பதாகும். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதலாவது தலைவியான மார்ச்சே வான் புற்றன் பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினரானவர். பெற்றோரும் அயலவரும் துவிச்சக்கரவண்டி ஊர்வலங்களை நடத்தினர். மரணங்கள் நிகழ்ந்த சந்திகளில் அமர்ந்து மறித்தனர். தெருக்களை ஒரு நாளைக்கு மூடி அங்கே பிள்ளைகளை விளையாட விட்டனர். அம்ஸ்ரர்டாம் நகரின் தொழிலாளர் குடியிருப்பான டி பைப் பகுதியிற் சிறுவர்களே தெருவை மறித்துத் தமக்கு விளையாட இடம் கேட்டனர். வாகனகாரர் சிலர் சினங்கொண்டு எதிர்த்தமையும் உண்டு.

1973 நவெம்பரில் எண்ணெய் நெருக்கடி காரணமாக அந்நாட்டு அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வாகனப் போக்குவரத்தைத் தடைசெய்தது. வெறுமையான பெருந்தெருக்களில் மக்கள் நடந்தும் மிதித்தும் திரிந்தனர். வேறுவிதமான வீதியும் இயலும் என்பதை அவர்கள் நேரிற் கண்டனர். 1975 இல் துவிச்சக்கரவண்டியோட்டிகளின் சங்கம் ஒன்று தோன்றியது. டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில் முளைவிட்ட 'வூனெர்ப்' என்னும் தெருவமைப்பு 1976 இற் சட்ட அங்கீகாரம் பெற்றது. அப்பெயரை 'வாழும் முற்றம்' எனப் பொருள்கொள்ளலாம். அங்கே தெருவின் முழு அகலமும் நடப்போருக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் உரியது. வாகனம் விருந்தாளியாக, நடைவேகத்தில் மட்டுமே நுழையலாம். விளையாடும் பிள்ளைக்கு ஏற்ப வாகனம் நடந்துகொள்ள வேண்டும் என்ற இம்மாற்றம் பொறியியல் மாற்றம் மட்டுமன்று, அறவியல் மாற்றமுமாகும்.

2010 ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வீதிகளில் மாண்ட சிறுவர் தொகை 14 ஆகக் குறைந்தது. இதனை இயக்கத்தின் சாதனை என மட்டும் கூறுதல் மிகையாகும். ஆசனப்பட்டி, மருத்துவ வளர்ச்சி, விரைவுப் பாதைகளைப் பிரித்தமை முதலியனவும் இதற்குக் காரணங்களே. அன்றியும் அங்கு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அண்மைய ஆண்டுகளிலும் 700 ஐ அண்டிய தொகையினர் அந்நாட்டு வீதிகளில் மாள்கின்றனர். துவிச்சக்கரவண்டியிற் சென்று மாள்வோருட் பெரும்பாலார் முதியோர். எனினும் மாற்ற இயலாதது என ஒரு தலைமுறை நம்பிய ஒன்று மாற்றப்பட்டது என்பது ஐயத்துக்கிடமற்றது. மாற்ற இயன்றதை ஊழ் எனல் பொருந்தாது.

மறுப்புரைகள்

இவ்வியக்கத்தின் நோக்குக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படலாம். அவை எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல.

முதலாவது, கவனமின்றி நடந்தவரே தம் முடிவுக்குப் பொறுப்பாளர் என்பது. வளர்ந்தோரைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் ஆறு வயதுப் பிள்ளை பந்தைத் துரத்தி ஓடுதல் குற்றமன்று. அது பிள்ளையின் இயல்பு. முதியவர் மெதுவாக நடத்தலும் அவ்வாறே. ஒரு கணத் தவறுக்கு மரணத்தை விலையாகக் கேட்கும் அமைப்பைச் சரியென ஏற்றுக்கொண்டு, அவ்விலையைச் செலுத்தியவரைக் குறைகூறுதல் நீதியாகாது. 1997 இல் சுவீடன் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட 'பூச்சிய இலக்கு'க் கொள்கையின் அடிப்படை இதுவே. மனிதர் தவறு செய்வர். அத்தவறு உயிரைக் குடிக்காதவாறு வீதியை அமைப்பது அமைப்போரின் கடமை என்பது அக்கொள்கை.

இரண்டாவது, வேகத்தைக் கட்டுப்படுத்துதல் தனிமனித சுதந்திரத்தில் தலையிடுதல் என்பது. சுதந்திரத்தின் பெருங்காவலராகக் கருதப்படும் ஜோன் ஸ்ருவேட் மில்லே, 1859 இல் வெளியிட்ட தம் நூலில், பிறருக்குத் தீங்கு நேராமற் காத்தற்பொருட்டு ஒருவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என ஏற்றுள்ளார். மேலும் இவ்வாதம் சுதந்திரத்தை ஒருபக்கத்தில் மட்டுமே கணக்கிடுகின்றது. தெரு ஆபத்தானதாகும்போது பிள்ளைகள் வீட்டினுள் அடைக்கப்படுகின்றனர். முதியோர் கோயிலுக்கும் சந்தைக்கும் செல்லத் தயங்குகின்றனர். பாடசாலைக்குத் தனியே செல்லும் உரிமை மாணவருக்கு இல்லாமற்போகின்றது. இவ்விழப்புகளை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. ஆதலால் அவை இழப்புகளாகவே எண்ணப்படுவதில்லை.

மூன்றாவது வாதமே வலிமை மிக்கது. விரைவான போக்குவரத்தால் வணிகமும் மருத்துவ வசதியும் தொழில்வாய்ப்பும் பெருகுகின்றன. முழுச் சமுதாயமும் பெறும் நன்மைக்குச் சில இழப்புகள் தவிர்க்கமுடியாத விலையாகும் என்பது அது. எந்தச் சமுதாயமும் ஆபத்தனைத்தையும் ஒழித்துவிட இயலாது என்பது மெய்யே. நோயாளர் வண்டி விரையத்தான் வேண்டும். உணவேற்றும் பாரவூர்தி வரத்தான் வேண்டும். ஆயினும் இங்கு நன்மை பெறுபவரும் விலை கொடுப்பவரும் ஒருவரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வாகனத்தில் இருப்பவர் நேரத்தை மீதப்படுத்துகின்றார். அதற்காக உயிரைப் பணயம் வைப்பவர் பெரும்பாலும் நடந்து செல்பவர். அவரிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. மனிதரைப் பிறர் நோக்கத்துக்கான கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்ற் என்னும் மெய்யியலாளரின் கோட்பாடு இவ்விடத்தே நேரடியாகப் பொருந்துகின்றது. வருங்காலத்தில் மாளப்போகும் ஒருவரின் பெயர் இன்று தெரியாது என்பதால் அவர் எவருமல்லர் என்றாகிவிடாது.

ஆற்றலும் பொறுப்பும்

அவ்வாறாயின் பொறுப்பு யாருடையது? கொலை என்ற சொல்லுக்கு உள்நோக்கம் இன்றியமையாதது. சாரதிகளிற் பெரும்பாலானோர் எவரையும் கொல்லும் நோக்குடையவர் அல்லர். அவ்வகையில் நெதர்லாந்துப் பெற்றோரின் முழக்கம் சட்டநோக்கில் மிகையானதே. ஆயின் அவர்கள் கேட்டது சாரதிகளின் தலையை அன்று. தெருவின் மாற்றத்தையே அவர்கள் கேட்டனர். விபத்து என்ற சொல் எவரையும் சுட்டாமல் தப்பவிட்டது. கொலை என்ற சொல் அவ்வமைதியைக் குலைத்தது. இரண்டுக்கும் இடையே உண்மையான சொல் ஒன்று உண்டெனின் அது 'தீர்மானம்' என்பதாகும். வீதியின் அகலம், வேகத்தின் எல்லை, கடவையின் இடம், நடைபாதை உண்டா இல்லையா என்பன யாவும் யாரோ ஒருவரால், ஏதோவொரு மேசையில் தீர்மானிக்கப்பட்டவை. வேகம் இருமடங்காகும்போது மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மோதுண்ட பாதசாரி பெரும்பாலும் உயிர்பிழைப்பார். வேகம் 50 கி.மீ. ஐத் தாண்டத் தாண்ட அவ்வாய்ப்பு விரைந்து அருகும். இவ்வுண்மையை அறிந்திருந்தும் ஓர் எல்லை வகுக்கப்படுமாயின், அதன் விளைவும் அறிந்தே ஏற்கப்பட்டதாகும்.

தீங்கிழைக்கும் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு பொறுப்பும் சேரும் என்பது இதிலிருந்து பெறப்படும் நெறி. நெதர்லாந்துச் சட்டம் இந்நெறியை ஏற்றுள்ளது. மோட்டார் வாகனம் ஒன்று பாதசாரியுடனோ துவிச்சக்கரவண்டியுடனோ மோதுமாயின் நட்டஈட்டுப் பொறுப்பு முதற்கண் வாகனத் தரப்பையே சாரும். பாதிக்கப்பட்டவர் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் அப்பிள்ளையின் கவனக்குறைவைக் காட்டி அப்பொறுப்பைக் குறைத்துக்கொள்ளவும் இயலாது. இது சாரதியைக் குற்றவாளியாக்கும் சட்டமன்று. வலியோன் மெலியோனை நோக்கி நடக்கவேண்டிய முறையைக் கூறும் சட்டமாகும்.

இலங்கையும் இவ்வினாவும்

இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் வருடந்தோறும் 2,000 இற்கு மேற்பட்டோர் வீதிகளில் மாள்கின்றனர். பாதசாரிகள் அவர்களுட் கணிசமானோர். 2009 இன் பின்னர் வடபகுதியிற் பல வீதிகள் அகலமாக்கப்பட்டுக் காபெற் இடப்பட்டன. அது மக்கள் நெடுங்காலம் எதிர்பார்த்த நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும் அதே வீதியின் ஓரத்திலேதான் மாணவரும் மீனவரும் கூலித்தொழிலாளரும் துவிச்சக்கரவண்டியிற் செல்கின்றனர். 1990களில் எரிபொருள் இல்லாத காலத்திற் குடாநாட்டின் வாழ்வு முழுவதையும் அவ்வண்டியே சுமந்தது. 2022 இல் எரிபொருள் நெருக்கடியின்போது கொழும்பு வீதிகளிலும் அது மீண்டும் தோன்றியது. நெருக்கடி தணிந்ததும் அது வந்த வழியே சென்றது. நெதர்லாந்திலும் 1973 இன் நெருக்கடி சில மாதங்களில் நீங்கியதே. ஆயின் அங்கு நெருக்கடிக்கு முன்பே பெற்றோர் ஒன்றுகூடியிருந்தனர். நெருக்கடி திறந்த கதவை மூடவிடாமற் பிடித்துக்கொள்ளக் கைகள் இருந்தன. பற்றாக்குறை தானாக எந்த நீதியையும் கொண்டுவருவதில்லை என்பதே இவ்விரு அனுபவங்களும் உணர்த்தும் பாடம்.

இங்கு மக்கள் குரல் எழுவதில்லை எனக் கூறலாகாது. பாடசாலை மாணவர் ஒருவர் மாளும்போது ஊரவர் வீதியில் இறங்கி மறிப்பது அறியாத செய்தியன்று. ஆனால் அக்கோபம் பெரும்பாலும் வாகனத்தையும் சாரதியையும் மட்டுமே நாடிச் செல்கின்றது. அது மனுநீதிச்சோழன் வழங்கிய தீர்ப்பை வேண்டும் கோபம். சில நாட்களில் அது ஆறிவிடும். சந்தி முன்போலவே இருக்கும். அக்கோபம் பிரதேச சபையின் கூட்டத்துக்கும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் வரைபடத்துக்கும் சென்று சேருமாயின் மாத்திரமே அடுத்த பிள்ளைக்குப் பயன் உண்டு. இந்த இடத்திற் கடவை வேண்டும், இந்தப் பாடசாலை முன்றலில் வேகம் குறைதல் வேண்டும், இந்த வீதியின் ஓரத்தில் மிதிப்போருக்கு இடம் வேண்டும் எனத் திரும்பத்திரும்பக் கேட்டல் வீரச்செயலாகத் தோன்றாது. எனினும் அதுவே அறச்செயல்.

ஆபத்தை முற்றாக ஒழித்தல் எந்த ஆட்சிக்கும் இயலாதிருக்கலாம். ஆனால் அவ்வாபத்தைச் சுமப்போர், அதனைப் பற்றித் தீர்மானிக்கும் அவையில் இடம்பெறுதல் இயலாததன்று. நடந்து செல்பவரைக் கேளாமல் அமைக்கப்பட்ட வீதியில் அவர் மாளும்போது, அதனை விதி என்று கூறுவோர், தாமே வகுத்த விதியைத்தான் கூறுகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.