பார்க்கவில்லை என்பதே தெரியாதபோது

அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா சுங்கைப்பட்டாணியில் 18 வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். எங்கள் தாமான் பிள்ளைகளுக்கு அவர் 'வேன் அங்கிள்'. "இந்த ரோட்டைக் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்"னு பெருமையாகச் சொல்வார். நாங்களும் சிரிப்போம். இனிப்பு நீர் வந்து 12 வருடம் கழித்து, அந்தப் பேச்சு கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது.

பள்ளி வேன் ஓட்டும் லைசன்ஸைப் புதுப்பிக்க டாக்டரின் சான்று வேண்டும். அந்த முறை டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. கண் நிபுணரிடம் அனுப்பினார். விழித்திரையில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் சர்க்கரையால் கெட்டுக் கசிந்திருந்தன. ஆரம்பத்தில் இந்த நோய்க்கு வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை. அதனால்தான் இனிப்பு நீர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். அப்பா ஐந்து வருடமாகக் காட்டவில்லை. "நல்லாத்தானே தெரியுது?" என்பதுதான் எப்போதும் அவர் பதில்.

வேன் நின்றது. வீட்டு வருமானமும் நின்றது. நான் அப்போது இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். பக்கத்து வீட்டு அங்கிள் வந்து, "வேற கிளினிக்குக்குப் போங்கண்ணே. அதிகம் கேக்காம கையெழுத்துப் போட்டுடுவாங்க"ன்னார்.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "போய்ப் பாருங்கப்பா, ஒரு வருஷம் சமாளிப்போம்" என்று சொன்னது நான்தான். இந்து இளைஞர் முகாமில் தர்மத்தைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கிய அதே நான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போன மாசம் ஸ்கூல் கேட் பக்கத்துல ஒரு பையன் இடப்பக்கத்துலேர்ந்து ஓடி வந்தான் தம்பி. கார்டு விசில் அடிச்சதும் பிரேக் போட்டேன். அவனை நான் பார்க்கலை. அது பெரிசில்ல. பார்க்கலைங்கறதே எனக்குத் தெரியலை."

அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. கண்ணில் குறை விழுந்த இடத்தில் கறுப்பாக ஏதாவது தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பல நேரம் அப்படித் தெரிவதில்லையாம். சுற்றியுள்ள காட்சியை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிவிடும். எங்கள் பாடத்திலும் இது உண்டு. ஒரு சென்சார் பழுதானால், பழுதானதை அதுவே சொல்லாது. அதனால்தான் ஆபத்தான இடங்களில் இரண்டு, மூன்று சென்சார் வைத்து ஒன்றை மற்றதால் சரிபார்க்கிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அந்த ஒரு வினாடியில் அப்பாவுக்கு இரண்டாவது சென்சாராக இருந்தது ஒரு விசில் சத்தம்.

மனுநீதிச் சோழன் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பெரியபுராணத்திலும் அது வருகிறது. மேடையில் நாம் புகழ்வது அரசனின் நீதியை. எனக்கு இப்போது தேரில் இருந்த இளவரசன்தான் ஞாபகம் வருகிறான். கன்றைக் கொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அது குறுக்கே வந்ததை அவன் பார்க்கவே இல்லை. கெட்ட எண்ணம் இல்லாதவன் மேல் குற்றம் உண்டா?

முன்பு 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அந்தக் கேள்வியே போதாது என்று தோன்றுகிறது. மனசு சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. என் பார்வை சரியா என்று அடுத்தவரைக் கேட்டேனா என்பதும் தர்மத்தில் சேர்ந்ததுதான். வண்டியில் ஏறும்போது மற்றவர் உயிர் நம் கண்ணை நம்பி இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு நாமே சாட்சி சொல்லிக்கொள்ள முடியாது. அப்பாவின் தவறு வேன் ஓட்டியதில் இல்லை, ஐந்து வருடம் சோதிக்காமல் இருந்ததில். என் தவறு அதைவிடப் பெரிது. சாட்சி உண்மையைச் சொன்ன பிறகு, வேறு சாட்சியைத் தேடச் சொன்னேன்.

அப்பா வேறு கிளினிக்குக்குப் போகவில்லை. 14 மாதம் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அம்மா நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்றார். நான் கல்விக் கடனை நீட்டித்து, வார இறுதியில் டியூஷன் எடுத்தேன். கண்ணில் ஊசி, பிறகு லேசர். லேசர் கண்ணாடி துடைக்கிற மாதிரி இல்லை. விழித்திரையின் ஓரத்தைச் சுட்டுத்தான் நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். அதனால் ஓரப் பார்வையும் இருட்டில் பார்க்கும் திறனும் கொஞ்சம் குறையலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். தே தாரிக்கை விட்டார். சர்க்கரை மெல்ல இறங்கியது.

கடைசியில் கண் நிபுணர் அறிக்கை கொடுத்தார். மெடிக்கல் டாக்டர் கையெழுத்துப் போட்டார். லைசன்ஸ் திரும்ப வந்தது. அம்மா சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டார். நான் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று இரவு அப்பா பிள்ளைகள் பெயர் எழுதிய நோட்டை எடுத்து, காலை டிரிப் முழுவதையும் இன்னொரு வேன்காரரிடம் கொடுத்துவிட்டார். ஆறு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றும்போது நம் ஊரில் இன்னும் இருட்டு. "அவங்க முழு லைசன்ஸ் கொடுத்திருக்காங்க. என் கண்ணுக்குப் பகல்தான் சரி"ன்னார். வருமானம் பாதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் சோதனை. அந்தத் தேதியை வேனிலேயே ஒட்டி வைத்திருக்கிறார், பெற்றோர்கள் பார்க்கிற மாதிரி.

நம் நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. அப்படியானால் இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். சாதாரண கார் லைசன்ஸாக இருந்தால், புதுப்பிக்கும்போது எந்த டாக்டரும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியது நாம்தான்.

"அப்பா, கடைசியா எப்ப கண்ணைக் காட்டினீங்க?"

இன்று இரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.