பிள்ளைக்கு முதல் மறையாசிரியர் யார்?



மன்னாரிலும் புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் நாமும் முஸ்லிம் சகோதரர்களும் அயலவர்களாக வாழ்கின்றோம். அவர்களுடைய சிறுவர்கள் தொப்பியணிந்து, சிறுமிகள் முக்காடிட்டு, குர்ஆனை நெஞ்சோடு அணைத்தவாறு ஓதப்போவதை எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். அதிலிருந்து நாம் கற்றது என்ன?

குர்ஆன் பள்ளியில் தமிழ் பேசும் பிள்ளை, தனக்குப் புதிதான அரபு எழுத்தை அலிப், பே என்று ஒவ்வொன்றாகப் படிக்கின்றது. சிறிய அத்தியாயங்களை முதலில் மனனஞ் செய்கின்றது. ஆசிரியர் முன் தனியே ஓதிக் காட்டி, பிழை திருத்தப்பெற்றே மேலே செல்கின்றது. ஏழு வயதிலேயே பிள்ளையைத் தொழுகைக்கு ஏவும்படி நபிமொழி பெற்றோருக்குக் கட்டளையிடுகின்றது. ஆகவே அங்கே படித்த அத்தியாயத்தைப் பிள்ளை தந்தையின் அருகில் நின்று தொழுகையில் ஓதுகின்றது. பாடமும் செபமும் வீடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

நமது நிலை என்ன? மறைப்பள்ளிக்குக் கிழமையில் ஒரு மணி நேரம். அதற்கும் ரியூசன் போட்டியாக வந்துவிடுகின்றது. சோதனை நெருங்கினால் முதலில் நிறுத்தப்படுவது ஞானோபதேசமே. கணக்கில் புள்ளி குறைந்தால் துடிக்கும் நாம், பிள்ளைக்கு விசுவாசப் பிரமாணம் தெரியாவிட்டால் மறையாசிரியரைக் குறைகூறி அமைதியடைகின்றோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடு, பிள்ளைகளின் முதல் ஆசான்கள் பெற்றோரே என்று போதிக்கின்றது. அதே நாளில் வெளியான மற்றோர் ஏடு, செபத்தாலும் தானத்தாலும் நோன்பாலும் இறைவனை வழிபடும் முஸ்லிம்களை மதிப்புடன் நோக்குகின்றது. ஆகவே அயலவரின் நன்மையைக் கண்டு கற்பது நமக்கு இழுக்கல்ல.

மனனம் மட்டும் போதாது. பொருளும் விளங்கவேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒன்றுமே நெஞ்சில் இல்லாத பிள்ளைக்கு எதை விளக்குவது?

இன்றிரவே தொடங்குவோம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பிள்ளையோடு முழந்தாளிடுவோம். ஞாயிறு படித்ததை அது சொல்ல நாம் கேட்போம். நமக்கே மறந்திருந்தால் அதனோடு சேர்ந்து படிப்போம். வெட்கமில்லை.

ஞானஸ்நானத்தன்று பாஸ்காத் திரியில் ஏற்றிய மெழுகுதிரியைக் குருவானவர் மறையாசிரியரிடம் கொடுக்கவில்லை. நம் குடும்பத்தின் கையிலேயே தந்தார். அது அணையாமற் காப்பது யார் பொறுப்பு?