உறங்குதல் பிழையோ?

பெற்ற தாய் கை முறிந்து கட்டுடன் கிடக்கையில், கடலுக்கு அப்பால் வாழும் மக்கள் அமைதியாக உறங்கலாமா? இவ்வினாவை நம்மில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் அயல்நாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் விளக்கணைந்த பின் எழும் வினா பெரும்பாலும் இதுவே. தாய்க்குப் பதிலாகத் தந்தை இருக்கலாம். முறிந்த கைக்குப் பதிலாக விற்காத நிலமோ மணமாகாத தங்கையோ இருக்கலாம். வினா ஒன்றுதான்.

எங்கள் வீட்டிற்கு அது புத்தூரிலிருந்து வந்தது. புத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ் வழங்கும் நிலத்தில் பல உண்டு. நாம் சொல்வது, அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் திருத்தணிக்கு அப்பால் உள்ள புத்தூரை. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் அப்பகுதியில் இன்றும் உள்ளன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எல்லைக்கு அப்பால் வாழ்வது இலண்டனுக்கு வந்து நாங்கள் கற்ற கலை அன்று!

அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். முன்கை எலும்பு முறிந்தது. கோடைக்காலத்தில் புத்தூரில் காலை ஆறு மணி என்றால் இலண்டனில் பின்னிரவு ஒன்றரை. அந்நேரத்தில்தான் தொலைபேசி ஒலித்தது. அம்மாவின் எலும்பு அன்று முறிந்தது. எங்கள் உறக்கமும் அன்றே முறிந்தது. அடுத்த இரவு தொலைபேசி ஒலிக்கவில்லை. ஆனாலும் ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த இரவும் அப்படியே.

புத்தூர்க் கட்டைப் பற்றி அறியாத தமிழர் குறைவு. முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்தி, பச்சிலையும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுகக் கட்டுவார்கள். இதில் ஓர் உண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானே கூடுகிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் அதனுள்ளேயே இருக்கிறது. கூடவிடாமல் அசைப்பதைத் தடுப்பதே கட்டின் வேலை. மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் செய்வது இதைத்தான். (எல்லா முறிவுக்கும் இது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோலைக் கிழித்து வெளிவந்த எலும்பையும், முதியோரின் இடுப்பெலும்பு முறிவையும் அறுவை மருத்துவரிடமே கொண்டுசெல்லல் வேண்டும்.)

உறக்கமும் அத்தகையதே. அதை எவரும் வரவழைத்தல் இயலாது. 'இன்றாவது உறங்கிவிட வேண்டும்' என்று முனைவது, விதை முளைத்ததா என்று நாள்தோறும் தோண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். நாங்கள் அதைத்தான் செய்தோம். மணி இரண்டா, மூன்றா என்று கடிகாரத்தைப் பார்ப்போம். எழுந்து வேலைக்குச் செல்ல எத்தனை மணி நேரம் எஞ்சியது என்று கணக்கிடுவோம். அக்கணக்கே அடுத்த கவலையாகும்.

இந்நிலையில் நண்பர் ஒருவர் மனவிழிப்புப் பயிற்சியைப் பற்றிச் சொன்னார். மூச்சு வருவதையும் போவதையும், உடல் படுக்கையில் பதிந்திருப்பதையும் கவனிப்பது. எண்ணம் எழுந்தால் விரட்டாமலும் அதன்பின் ஓடாமலும், 'இது ஓர் எண்ணம்' என்று அறிந்து மீண்டும் மூச்சுக்குத் திரும்புவது. அவ்வளவுதான். புத்தர் இதனைச் 'சதி' என்றார். அப்பாலிச் சொல்லும் வடமொழியின் 'ஸ்மிருதி'யும் ஒன்றே. நினைவு என்பது பொருள். வள்ளுவர் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். அது அரசனுக்குச் சொன்னது. எனினும் மறவாமையே உடைமை என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. இப்பழம்பொருளை 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் ஜான் கபாட்-ஜின் என்பார் ஒரு பயிற்சியாக வகுத்து, நாட்பட்ட வலியால் வருந்தியோர்க்குக் கற்பித்தார்.

ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் வெளிவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வொன்றில், உறக்கம் கெட்ட முதியோர் 49 பேரில் மனவிழிப்பு பயின்றோர், நல்லுறக்கப் பழக்கங்களை மட்டும் கற்றோரைவிடத் தேறினர். 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பதற்ற நோயுடைய 276 பேரில் ஒரு சாராருக்கு எட்டு வாரப் பயிற்சியும் மறுசாராருக்கு எஸ்சிட்டலோப்ராம் என்னும் மருந்தும் தரப்பட்டன. பயிற்சி மருந்துக்குக் குறைந்ததாக இல்லை. மருந்து உண்போர் தாமே அதை நிறுத்திவிட இது சான்று ஆகாது. மூங்கில் பத்தை போதாத முறிவுகள் மனத்திற்கும் உண்டு.

தொடக்கத்தில் எங்களுக்குப் பயிற்சி பயன்படவில்லை. 'இப்போது உறக்கம் வருகிறதா?' என்று மூச்சைக் கொண்டே வேவு பார்த்தோம். பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தியானத்தை ஒரு முறையாக்கிப் பயன் கருதிச் செய்வதை வாழ்நாள் முழுதும் மறுத்துவந்தார். அதன் பொருள் எங்களுக்கு அந்த இரவுகளில்தான் ஓரளவு விளங்கிற்று. கடிகாரத்தைக் கூடத்திற்கு அப்புறப்படுத்தினோம். வந்தால் வரட்டும் என்று விட்ட பிறகு சில இரவுகள் உறக்கம் வந்தது.

வந்ததும் வேறொரு தொல்லை தொடங்கியது. நன்றாக உறங்கி எழுந்த காலையில் நாணம் பிறந்தது. அம்மா அங்கே கட்டுடன் இருக்க நாம் ஆறு மணி நேரம் உறங்கினோமே!

தலைப்பில் கேட்ட வினா இங்கேதான் கூர்மையாகிறது. கவலைப்படுவதே அன்பு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். 'உன்னை நினைத்துக் கண்ணே மூடவில்லை' என்பது நம் வீடுகளில் ஒரு பாராட்டு. ஆனால் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பணம் அனுப்பியாயிற்று, உடனிருக்கச் சித்தியை அமர்த்தியாயிற்று, மாலையில் பேசியும் ஆயிற்று. அதற்குமேல் ஒன்றரை மணிமுதல் நான்கு மணிவரை நாங்கள் விழித்திருந்ததால் அம்மாவின் கையில் ஓர் இழையேனும் கூடியதா? இல்லை. பிறகு ஏன் அக்கவலையை விட மனமில்லை?

மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் விடை தானே மேலே வந்தது. அது எலும்பைப் பற்றிய அச்சம் அன்று. அருகில் இல்லை என்ற குற்ற உணர்வு. விழித்திருத்தல் என்பது, போகாமைக்கு நாங்கள் செலுத்திய தண்டம். தண்டம் செலுத்திவிட்டோம் என்ற நிறைவில், போவதைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் இருந்துவிட்டோம்!

மனவிழிப்பை வெறும் அமைதி மருந்தாக விற்போரிடம் நமக்குள்ள பிணக்கு இதுவே. குற்ற உணர்வையும் ஓர் எண்ணம் என்று ஒதுக்கி உறங்கிவிடலாம், அதுவும் கைவரும். ஆனால் சில எண்ணங்கள் உண்மையைச் சொல்ல வந்தவை. அவற்றைக் கலங்காமல் பார்ப்பதற்கே மனம் அசையாதிருத்தல் வேண்டும். உறங்கியது எங்கள் பிழை அன்று. உறங்காமையைக் கடமையாக எண்ணியதே பிழை.

திருமலையில் நாள்தோறும் இரவில் ஏகாந்த சேவை நடத்திப் பெருமாளைத் துயிலச் செய்கிறார்கள். விடியுமுன் சுப்ரபாதம் பாடி எழுப்புகிறார்கள். உலகத்தின் குறைகளெல்லாம் வந்து குவியும் அச்சந்நிதியிலேயே இரவுக்கு ஒரு கதவடைப்பு உண்டு. மலைக்கு இத்தனை அருகில் வளர்ந்தும் இது எங்களுக்கு உறைக்கவில்லை.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குக் காத்திராமல் எங்களில் இருவர் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தபோது கட்டுப் பிரித்துச் சில நாள்கள் ஆகியிருந்தன. அம்மா விரல்களை மடக்கிக் காட்டினார். பிறகு, "ஏன் கண்ணெல்லாம் இப்படி உள்ளே போயிருக்கு? அங்கே தூங்கறதே இல்லையா?" என்று கேட்டார். அவர் ஒரு நாளும் உறக்கம் கெடவில்லையாம். வலித்த முதல் இரவைத் தவிர.

அன்றிரவு, பயணத்தால் நாழிகை மாறிய உடல் மூன்று மணிவரை உறங்க மறுத்தது. பக்கத்துப் பாயில் அம்மா தேறிய கையை மார்பின்மேல் வைத்து அயர்ந்து உறங்கினார். அவருடைய மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி படுத்திருந்தோம். கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதம் தொடங்கும்வரை மணி என்னவென்று நாங்கள் பார்க்கவில்லை.