எலியின் இரைப்பையும் கொல்லாமை அறமும்

வயிற்றுப்புண் வராமல் காக்கும் ஆற்றல் ஒரு மூலிகைக்கு உண்டா என்பதை ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் எலியின் உடலில்தான் சோதிக்கின்றன. எலியைப் பட்டினி போட்டு, மூலிகைச் சாற்றைக் குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்துவார்கள். அடுத்து, புண்ணை வரவழைக்க வேண்டும். அடர்ந்த எத்தனாலையோ, ஆஸ்பிரின், இண்டோமெத்தசின் போன்ற வலி மருந்துகளையோ கொடுப்பது ஒரு வழி. குளிரில் அசையவிடாமல் கட்டி வைப்பது இன்னொன்று. மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்து, இரைப்பையின் கீழ்வாயை நூலால் கட்டி அமிலத்தைத் தேங்கவிடுவது மூன்றாவது. இது ஹாரி ஷேயும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1945இல் வகுத்த முறை. சில மணி நேரம் கழித்து எலியைக் கொன்று, இரைப்பையை வெட்டி விரித்துப் புண்களை எண்ணி அளப்பார்கள். சாறு பெற்ற எலிகளை, ஏதும் பெறாதவற்றோடும் ஓமெபிரசோல் போன்ற தெரிந்த மருந்து பெற்றவற்றோடும் ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள்.

நோயும் சாவும் எலிக்கு, பயன் மனிதருக்கு. இது அறமாகுமா என்பதே கேள்வி.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கிறது. அதில் புல்லும் மரமும் ஓரறிவுயிர், விலங்கு ஐயறிவுயிர். சமணமும் புலன்களின் எண்ணிக்கை கொண்டே உயிர்களை வகுத்து, புலன் கூடக்கூட அவ்வுயிரைத் துன்புறுத்தும் பாவமும் கூடும் என்கிறது. அந்த அளவுகோலின்படி, செடியைப் பறித்து மருந்தாக்குவது சிறு தீங்கு. அதன் ஆற்றலை எலியிடம் சோதிப்பது பெருந்தீங்கு. இல்லறத்தார்க்குச் சமணம் சில விலக்குகள் தருகிறது. சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையைப் பொறுத்துக்கொள்கிறது. கருதியே செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார்க்கும் விலக்குகிறது. மருத்துவர் கத்தி வைப்பது நோயாளியின் நலனுக்காக. அந்த வலி தொழிலோடு வருவது. ஆய்வில் புண்பட்ட உயிருக்கு எந்த நலனும் இல்லை. புண்ணும் தற்செயலாக நேர்வதில்லை, திட்டமிட்டே உண்டாக்கப்படுகிறது. எனவே நோக்கம் நல்லது என்பதை மட்டும் காட்டி இதைத் தொழில் இம்சையில் சேர்ப்பது எளிதன்று.

மேலைச் சிந்தனையில் ஜெரமி பெந்தம் 1789இல், ஓர் உயிரால் பேச முடியுமா, பகுத்தறிய முடியுமா என்பதைவிடத் துன்பத்தை உணர முடியுமா என்பதே முதன்மை என்றார். அவர் வழியில் வருவோர் துன்பத்தையும் பயனையும் எடைபோடுவார்கள்; பயன் விஞ்சினால் சோதனைக்கு இடம் உண்டு. 1983இல் டாம் ரீகன் இந்த எடைபோடுதலையே மறுத்தார். தனக்கென ஒரு வாழ்வை உணர்ந்து வாழும் விலங்குக்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டு. பிறர் பெறும் பயனால் அதன் மீதான தீங்கு நியாயமாகாது என்பது அவர் வாதம்.

ரீகனை ஏற்பவருக்கு விவாதம் இங்கேயே முடிந்துவிடும். எடைபோடலாம் என்பவருக்கோ இனிமேல்தான் வேலை. தராசின் மறுதட்டில் வைக்க அவரிடம் இருப்பது, சோதனை தரும் அறிவு ஒன்றே. ஆகவே, அந்த அறிவின் தரமும் அறத்தைச் சேர்ந்த கேள்வியாகிறது.

மனிதருக்கு வரும் இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும் வலி மருந்துகளும். அந்தப் பாக்டீரியாவை 1982இல் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் வளர்த்துக் காட்டினர். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எத்தனால் எலியின் வயிற்றில் உண்டாக்குவதோ சில மணி நேரத்தில் தோன்றும் காயம். அதைத் தடுத்த சாறு, பாக்டீரியாவால் வந்து நாட்பட்ட புண்ணை ஆற்றும் என்பதற்கு உறுதி இல்லை. இன்னொரு சிக்கலை 1980களின் தொடக்கத்தில் ஆந்த்ரே ராபர்ட் காட்டினார்: மென்மையாக உறுத்தும் ஒரு பொருளை முன்னதாகக் கொடுத்தாலே, புரோஸ்டாகிளாண்டின் சுரந்து இரைப்பைச் சுவர் அடுத்து வரும் கடுந்தாக்குதலைத் தாங்கிக்கொள்கிறது. எனவே ‘காப்பு’ என்று பதிவாகும் விளைவு, சில வேளை அந்தச் சாற்றின் உறுத்தலாகவே இருக்கலாம். இண்டோமெத்தசின் முறை மனிதரின் வலி மாத்திரைப் புண்ணுக்குச் சற்று நெருக்கமானது. அசெட்டிக் அமிலத்தால் நாட்பட்ட புண்ணை உண்டாக்கி, அது ஆறும் வேகத்தை அளக்கும் முறையும் உண்டு. எல்லாச் சோதனைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல.

மூலிகைக்கு மட்டும் உரிய மற்றொரு வாதமும் உண்டு. மணத்தக்காளியும் அதிமதுரமும் மனிதர் ஏற்கெனவே உட்கொள்பவை; எனவே அவற்றை மனிதரிடமே சோதிக்கலாம் என்பதே அது. 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதிமதுரத்தால் நோயாளிகளின் புண் ஆறுவதைக் கவனித்தார். உடலில் நீர் கோப்பதையும் அந்நோயாளிகளிடமே கண்டார். அதிமதுரத்திலிருந்து பின்னர் உருவான கார்பெனாக்சலோன் மருந்தும் அதே குறையால் பின்தங்கியது. சோதனைக்கு மனிதர் தாமே முன்வந்ததும் உண்டு: 1984இல் மார்ஷல் பாக்டீரியாவைத் தாமே குடித்துப் பார்த்தார். மனிதரால் இசைவு தர முடியும், எலியால் முடியாது. ஆனால் கரைப்பானில் இறக்கி அடர்த்தியாக்கிய சாறு, காய்ச்சிக் குடிக்கும் கஷாயத்துக்குச் சமமாகாது. அதன் நச்சுத்தன்மை தெரியாமல் மனிதருக்குக் கொடுப்பதும் அறமாகாது. மனிதர் மீதான ஆய்வு, ஆய்வக, விலங்குச் சோதனைகளையோ அறிவியல் நிறுவிய பிற உண்மைகளையோ அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிக்கை கூறியது.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அறிவியல் சோதனைகளைத் தடை செய்யவில்லை, கண்காணிப்புக்கு உட்படுத்துகிறது. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகள் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன: முடிந்தால் விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். ஒரு சாறு அமிலத்தைச் சமன்செய்கிறதா, பாக்டீரியாவைக் கொல்கிறதா என்பதைச் சோதனைக் குழாயிலேயே பார்க்கலாம். அமிலம் சுரக்கும் நொதியைத் தடுக்கிறதா என்பதை, இறைச்சிக் கூடத்து ஆட்டின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு அறியலாம். இதிலும் ஓர் உயிர் மாண்டிருக்கிறது. ஆனால் அது சோதனைக்காக மாளவில்லை.

ஆக, எடைபோடும் அறத்தின்படியே பார்த்தாலும் ஒரு சோதனை மூன்று கேள்விகளைக் கடந்தாக வேண்டும். கேட்கப்படும் கேள்விக்கு விடை ஏற்கெனவே தெரியுமா? உயிரில்லாத வழியிலோ இசைவு தரும் மனிதரிடமோ அதை அறிய முடியுமா? தேர்ந்த முறை மனிதரின் நோயைப் பற்றி உண்மையில் ஏதேனும் சொல்லுமா? இவற்றில் தவறும் சோதனை, பயனை முன்னிறுத்தும் அறத்தின்படியும் வீண்கொலையே. மூன்றையும் கடந்தது பெறுவது, அந்த அறம் தரும் அனுமதி மட்டுமே. கொல்லாமையை முழு விரதமாகக் கொண்டவரின் மறுப்பு அப்போதும் தீராது.