அறத்திற்கு நிலைக்களன் யாது?

உலகம் எங்ஙனம் உளதாயிற்று, நன்று தீது என்னும் பாகுபாடு எதனைப் பற்றி நிற்கின்றது, குற்றமற்றோர் துன்புறுதல் எற்றுக்கு, இறப்பின்பின் யாது என்னும் நான்கு வினாக்களும் எந்நாட்டு மக்கள் உள்ளத்தும் எழுவன. இவற்றுக்கு விடை கூறாத சமயம் இல்லை. சமயத்தை மறுப்பாரும் ஒருவாற்றான் விடை கூறியே தீரல் வேண்டும். மேனாட்டில் இவ்வினாக்களின்கண் எதிரெதிர் நிற்கும் கொள்கைகள் இரண்டு. ஒன்று கிறித்துவம். மற்றொன்று, கடவுளையும் மறுமையையும் கொள்ளாது, மக்களின் அறிவும் அன்புமே நல்வாழ்க்கைக்கு அமையும் என்னும் மானிடக் கொள்கை.

பின்னையதைப் பண்டை உலகாயதமே என்று எண்ணி ஒதுக்குவாரும் உளர். அது பொருந்தாது. உலகாயதன் இம்மை இன்பமே உறுதிப்பொருள் என்பவனாக நூல்களில் வைத்துரைக்கப்படுகின்றான். மானிடக் கொள்கையினரோ பிறர் துன்பம் களைதலைக் கடமையென மேற்கொள்கின்றனர். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்பார் 1851-ஆம் ஆண்டில் கடவுள் சாராத இவ்வுலகியல் அறத்திற்கு ஒரு பெயர் சூட்டினார். அமெரிக்காவில் 1933-இல் அக்கொள்கையினர் 34 பேர் கைச்சாத்திட்ட அறிக்கை 15 உறுப்புக்களாக வெளிவந்தது. 1952-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர்களது அனைத்துலகச் சங்கம் நிறுவப்பட்டது. சிவஞானசித்தியார் பரபக்கம் பிறர் மதத்தை அவர் கூறுமாறே முதற்கண் நிறுத்திப் பின்னரே ஆராய்கின்றது. இவ்விரு கொள்கைகளை ஆராய்வார்க்கும் அம்முறையே ஏற்புடைத்து.

இவ்விரண்டும் நேர்நின்று வழக்காடிய செவ்வி ஒன்றுண்டு. 1948-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் இயேசு சபைக் குருவாகிய பிரெடரிக் காப்பிள்ஸ்டனும், கணிதத்தினும் தத்துவத்தினும் பெரும்புகழ் பெற்ற பெர்ட்ரண்டு ரஸ்ஸலும் கடவுள் உண்மை குறித்து உரையாடினர். முன்னவர் தத்துவ வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர். பின்னவர், தாம் கிறித்துவர் ஆகாமைக்குக் காரணத்தை 1927-ஆம் ஆண்டிலேயே ஒரு சொற்பொழிவாக வெளியிட்டவர். இருவரும் ஒருவரையொருவர் இகழாது, சொல்லின் பொருளை வரையறுத்துக்கொண்டு வழக்காடினமையின் அவ்வுரையாடல் இன்றும் கற்கத்தக்கதாய் நிற்கின்றது.

முதற்கண் உலகின் தோற்றம் பற்றிய வினா. உலகத்துப் பொருள் ஒவ்வொன்றும் இல்லாதிருத்தற்கும் உரியது. பிறிதொன்றைச் சார்ந்தே உளதாவது. இத்தகைய பொருள்களை எத்துணை நீளமாக அடுக்கினும் அவ்வடுக்குத் தன் உண்மைக்குத் தானே காரணமாகாது. ஆதலின் பிறிதொன்றைச் சாராது தன்னியல்பானே உள்ளதொரு முதல் வேண்டும் என்பது காப்பிள்ஸ்டனார் கூற்று. ரஸ்ஸலார் இதனை உடன்படவில்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் தாயுண்மை கொண்டு மனித இனம் முழுமைக்கும் ஒரு தாயுண்டு எனல் பிழையாதல்போல, உலகத்துப் பொருள்களுக்குக் காரணம் உண்மை கொண்டு உலகம் முழுமைக்கும் காரணம் கூறுதலும் பிழை என்பர் அவர். உலகம் உள்ளது, அவ்வளவே சொல்லத்தக்கது, அதற்குமேல் ஏன் என்று வினாவுதற்குப் பொருளில்லை என முடித்தனர். சதுரங்கப் பலகையின்முன் அமர மறுப்பவனைத் தோற்பித்தல் இயலாது என்று காப்பிள்ஸ்டனார் விடுத்தனர்.

இவ்விடத்து வழக்கு முடிவுபெறாமை வெளிப்படை. ஒருவர் வினாவைக் கொள்கின்றார். மற்றவர் வினாவையே தள்ளுகின்றார். அங்ஙனம் தள்ளியவர்க்கு அன்றாட வாழ்வில் இடர்ப்பாடு யாதும் இல்லை. உலகம் ஏன் உளதாயிற்று என்று அறியாமலே ஒருவன் உழலாம், உண்ணலாம், உறங்கலாம். இரண்டாம் வினா அத்தகையதன்று. பிறனொருவனைத் துன்புறுத்தல் ஏன் தகாது என்பதற்கு விடைகூற மறுப்பவனும், அவனைத் துன்புறுத்தியோ துன்புறுத்தாதோ தன் செயலால் விடைகூறியே நிற்கின்றான். ஆகலின் இரு கொள்கைகளின் உரமும் அறம் பற்றிய வினாவிலேயே அளக்கப்படுதல் வேண்டும்.

அவ்வுரையாடலின் பிற்பகுதி அதனையே பற்றியது. நன்றையும் தீதையும் எங்ஙனம் வேறுபடுத்துவது என்று வினவப்பட்டபோது, நீலத்தையும் மஞ்சளையும் கண்ணால் வேறுபடுத்துமாறுபோல, விளைவுகளை அளந்தறிதலோடு கூடிய உணர்ச்சியால் வேறுபடுத்துவது என்றார் ரஸ்ஸல். அங்ஙனமாயின், ஹிட்லர் ஆட்சியில் பெல்சன் சிறைமுகாமின் தலைவன் செய்த கொடுமை பிறர்க்குத் தீதாகத் தோன்ற, ஹிட்லருக்கு நன்றாகத் தோன்றிற்றெனின் விடை யாது என்று காப்பிள்ஸ்டனார் கடாவினார். காமாலைக் கண்ணனுக்கு மஞ்சளல்லாததும் மஞ்சளாகத் தோன்றும். அது பிழைபட்ட காட்சி என்று விடைவந்தது. இவ்வுவமை நம்மனோர்க்கும் பழகியதே. ஆயினும் அதனுள் ஒரு தடை உண்டு. காமாலைக் கண்ணனைப் பிழைபட்டவன் எனல், பொருளின் நிறம் காண்பானைச் சாராது தானே நிற்றலான் அன்றோ? நன்மை காண்பார் உணர்ச்சியளவே என்பார்க்கு, ஓர் உணர்ச்சியைப் பிறழ்ந்தது என்றும் மற்றொன்றைச் செவ்வியது என்றும் துணிதற்கு அளவுகோல் யாண்டுளது? காப்பிள்ஸ்டனார் எழுப்பிய இத்தடைக்கு அன்று நிறைவான விடை வரவில்லை.

இத்தடையின் வன்மையை ரஸ்ஸலார் தாமே உணர்ந்திருந்தனர். 1960-இல் வெளியிட்ட குறிப்பொன்றில், நன்மை தீமைகள் அவரவர் உணர்ச்சியளவே என்னும் வாதங்களை மறுக்கும் வழி தமக்குத் தோன்றவில்லை எனினும், கொடுமையின்கண் உள்ள குற்றம் தமக்கு அது பிடியாமை ஒன்றே எனத் தம்மால் நம்ப இயலவில்லை என்னும் கருத்துப்பட எழுதினர். இது மெய்யுணர நாடுவார்க்குரிய நேர்மை. அவரது வாழ்க்கையும் அதற்குச் சான்று. முதலாம் உலகப்போரை எதிர்த்து எழுதியமையால் 1918-இல் சிறைபுக்கார். அணுக்குண்டை எதிர்த்த கிளர்ச்சியால் 1961-இல், 89-ஆம் வயதில், மீண்டும் சிறைபுக்கார். தனக்குப் பிடியாததொன்றை விலக்குதற்கு மட்டும் ஒருவன் முதுமையில் சிறை புகுவனோ? அவர் கண்டது தம் உணர்ச்சிக்குப் புறம்பாக நின்று தம்மைப் பணித்ததோர் அறம். அதற்கு அவர் கொள்கையில் இடமில்லை. கொள்கையினும் ஒழுக்கம் உயர்ந்து நின்றமையே இங்குக் காணப்படுவது.

கிறித்துவம் இவ்விடத்தில் உறுதியான நிலைக்களன் காட்டுகின்றது. அறம் கடவுளின் விருப்பத்தால் வாளா விதிக்கப்பட்டதாயின் கடவுள் கொடுமையை விதித்திருப்பின் கொடுமையும் அறமாகுமே என்னும் தடை, பிளேட்டோ காலந்தொட்டு வழங்குவது. அதற்கு, நன்மை கடவுளின் விருப்பமாத்திரையன்று, அவனது இயல்பே என்பது அச்சமயத்து அறிஞர் விடை. நன்மைக்கு நிலைபேறு கூறுதற்கண் இவ்விடை வலியுடைத்து. ஆனால் அந்நிலைக்களனே மூன்றாம் வினாவில் அச்சமயத்திற்குப் பெருங்கடனாக வந்து நிற்கின்றது.

1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. அது புனிதர் அனைவர்க்கும் உரிய திருநாள். கோயில்களில் வழிபடக் கூடியிருந்தோர் இடிபாட்டில் மாண்டனர். எஞ்சியோர் பலரைக் கடற்பெருக்கும் தீயும் கொண்டன. உள்ளனவெல்லாம் நன்மைக்கே என்ற அக்காலத்துக் கோட்பாட்டை வால்ட்டேர் 1756-இல் செய்யுளாலும் 1759-இல் கதையாலும் கடிந்தார். அவர் கடவுளுண்மையை மறுத்தவரல்லர் என்பது கருதத்தக்கது. எல்லாம் வல்லவனும் எல்லையில் அன்பினனும் ஆகிய ஒருவன் இதனை எங்ஙனம் பொறுத்தான் என்பதே அவர் எழுப்பிய வினா.

இவ்வினா கிறித்துவத்தை ஏனைய சமயங்களினும் மிகுதியாக நெருக்குதற்குக் காரணம் அதன் படைப்புக் கொள்கை. குயவன் மண்ணினின்றும் குடம் வனைதல்போல உள்ளதொன்றினின்றும் கடவுள் உலகைச் செய்தான் என அச்சமயம் கூறாது. இன்மையினின்றும் படைத்தான் என்கின்றது. உயிரும் அவனால் புதிதாகப் படைக்கப்பட்டதே. அநாதியாகிய மலத்தையும் பிறவிதோறும் தொடரும் வினையையும் கொள்வார் துன்பத்திற்கு வேறு காரணம் காட்டவல்லர். அனைத்தையும் இன்மையினின்றும் ஒருவனே ஆக்கினான் என்பார்க்கு அவ்வழி இல்லை.

அச்சமயத்தார் கூறும் விடைகள் பல. தீமை தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே என்றார் அகுஸ்தீனார். மக்களுக்கு அளித்த விருப்புரிமையால் பாவம் விளைந்தது என்பது மற்றொன்று. இவை மனிதர் மனிதர்க்கிழைக்கும் கொடுமைக்குப் பொருந்தினும், நிலநடுக்கத்தில் இறந்த மகவுக்கு முழுதும் பொருந்தா. ஆயினும் கிறித்துவத்தின் ஆழ்ந்த விடை வாதமாக அமைந்ததன்று. கடவுள் துன்பத்தைப் புறத்தே நின்று நோக்கவில்லை. தானே மனிதனாக வந்து சிலுவையில் அதனைப் பட்டான் என்பதே அது. துன்பம் ஏன் என்பதை அது விளக்காது. துன்புறுவான் தனியனல்லன் என்று உரைக்கும். 1941-இல் ஆஷ்விட்ஸ் சிறைமுகாமில், தமக்கு உறவல்லாத ஒருவனுக்கு மாறாகத் தம்மைப் பட்டினிச் சிறைக்கு ஒப்புவித்து உயிர்நீத்த மாக்ஸிமிலியன் கோல்பே என்னும் குரு அவ்விடையைச் செயலால் காட்டினார்.

நான்காவது, இறப்பு. ஒருவன் செய்த நன்மை பின்வருவார் வாழ்வில் நிற்பதே அவனுக்குரிய மறுமை என்பர் மானிடக் கொள்கையினர். முதிர்ந்து, செயற்கரிய செய்து இறந்தார்க்கு இவ்வாறுதல் அமையலாம். நெறிகெட்ட அரசன் கொன்ற சிறுமகவுக்கு அஃது அமையுமோ? பின்வரும் உலகம் எத்துணைச் செம்மையுறினும் அதன் பயனை அம்மகவு பெறுவதில்லை. அறமும் இன்பமும் ஈற்றில் ஒருங்குகூடுதல் வேண்டுமென்று அறவுணர்வே வேண்டுதலின், கடவுளையும் ஆன்மாவின் அழியாமையையும் கொள்ளற்பாலன என்று 1788-இல் வெளிவந்த நூலில் காண்ட் நிறுவ முயன்றது இதுபற்றியே. மாற்றார் மறுமொழியும் வலியற்றதன்று. மறுமையில் ஈடு உண்டென்னும் எண்ணம் இம்மையில் கைசோரச் செய்யும். ஈடே இல்லை என்று அறிந்தவனே ஒரு மகவும் இறவாதபடி விரைந்து காப்பான் என்பர் அவர். ஒரு பிறவியின் குற்றத்திற்கு முடிவில்லாத நரகம் அன்புடையான் விதிக்கத்தக்கதோ என்று ரஸ்ஸலார் 1927-இல் எழுப்பிய தடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

இவற்றால் போந்த முடிபு இது. கடவுளைக் கொள்ளாதார் அறஞ்செய்யார் என்பது உலகியலோடு மாறுபட்ட கூற்று. அதனைச் சமயத்தார் விடுதல் வேண்டும். ஆனால் அறஞ்செய்தல் வேறு. அறம் ஏன் தன்னைப் பணிக்கின்றது என்று காட்டுதல் வேறு. முன்னையதில் மானிடக் கொள்கையினர் பலர் குறைவிலர். பின்னையதில் அவர் கொள்கை குறைபடுகின்றது. கிறித்துவம் பின்னையதைக் காட்டுகின்றது. காட்டிய அளவிலே, குற்றமற்றோர் துன்பத்திற்குத் தன் கடவுளைப் பொறுப்பாக்கிக்கொள்கின்றது. ஒரு கொள்கைக்கு நன்மையின் நிலைபேறு கடன். மற்றதற்குத் தீமையின் இருப்புக் கடன். எக்கொள்கையை மேற்கொள்வாரும் பிறரைக் கடாவுதற்குமுன் இவ்விரு கடன்களையும் தம் கொள்கையில் தீர்த்துக் காட்டுதல் வேண்டும். அங்ஙனம் தீர்க்குங்கால், துன்புற்று இறந்த அம்மகவின்முன் நின்று சொல்லக்கூசும் விடை எதனையும் விடையெனக் கொள்ளாமை ஆராய்வார்க்கு முதற்கடன்.