இதுல சீஸ் இருக்கா?

"அப்பா, இதுல சீஸ் இருக்கா?"

"இல்லம்மா, சாப்பிடு."

இருந்தது. தக்காளி, வெங்காயம், பூண்டு மூன்றையும் வதக்கி மிக்ஸியில் அரைக்கும்போது 30 கிராம் பார்மசானையும் துருவிப் போட்டிருந்தேன். மகளுக்கு ஏழு வயது. பாஸ்தா என்றால் உயிர், சீஸ் மட்டும் ஆகாது. ஒவ்வாமை எல்லாம் இல்லை, பிடிக்காது, அவ்வளவுதான். "வாந்தி நாத்தம்ப்பா" என்பாள். அன்று தட்டைக் காலி செய்தாள். நாலு நாளாகப் படுத்திய ஒரு பக்கைச் சரிசெய்தவனின் திருப்தியோடு நான் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

மூன்றாவது முறை மாட்டிக்கொண்டேன். ஃப்ரிட்ஜில் இருந்த பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அழவில்லை. "அப்ப அன்னைக்கும் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை தோசையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். தோசையை!

இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். பருப்புக்குள் கீரையை மசித்து மறைக்காத வீடு உண்டா? வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்து விழுங்கவைக்காத அம்மா உண்டா? நிலாவைக் காட்டி ஏமாற்றி ஊட்டப்பட்ட தலைமுறைகள் நாம். என் பொய்யும் நல்லெண்ணப் பொய்தான். 30 கிராம் பார்மசானில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பாலைத் தொடாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

நல்லெண்ணத்துக்காகப் பொய் சொல்லலாமா என்பது பழைய கேள்வி. 1797-ல் இமானுவேல் காண்ட் அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது. நண்பனுக்காக நான் கூசாமல் பொய் சொல்வேன். ஆனால் என் வீட்டு வாசலில் கொலைகாரன் யாரும் நிற்கவில்லை. கால்சியம்தான் நின்றது. அதைக் கேழ்வரகிலும் எள்ளிலும்கூடக் கொடுத்திருக்கலாம்.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. என் அம்மா சைவம். ஹோட்டலுக்குப் போனால் சர்வரை நிறுத்தி, "தம்பி, இதுல முட்டை கிட்டை எதுவும் இல்லல்ல?" என்று இரண்டு முறை கேட்பார். யாரும் அதை அடம் என்று சொன்னதில்லை. இத்தாலியில் செய்யப்படும் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டைத்தான் சேர்க்க வேண்டும், அது அங்கே விதி. அதனால்தான் நான் எப்போதும் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குகிறேன். அம்மாவின் தட்டில் அசலைத் துருவிவிட்டு "ஒண்ணும் இல்லம்மா, சாப்பிடுங்க" என்று சொல்வேனா? செத்தாலும் மாட்டேன். இத்தனைக்கும் அம்மாவும் மகளும் கேட்டது ஒரே கேள்வி. அம்மாவின் 'வேண்டாம்' எனக்குக் கொள்கையாகத் தெரிகிறது. மகளின் 'வேண்டாம்' பிடிவாதமாகத் தெரிகிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் வீடே இரண்டுபடும், மகளுக்குத் தெரிந்தால் சமாளித்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவுதான் என்று பயமாக இருக்கிறது.

போதாக்குறைக்கு, அவள் சொன்னது உண்மையும்கூட. பார்மசானின் வாசனையில் பியூட்டிரிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு. வாந்தியின் நாற்றத்திலும் அதே அமிலம் இருக்கிறது. அவள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்தது. அந்த மூக்கை நம்பாதே என்றுதான் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பிள்ளை கேட்பதை எல்லாம் சமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று இதுதான் சாப்பாடு என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒரு வாய் சுவைத்துப் பார் என்று கெஞ்சலாம். கேட்காதபோது ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போடவும் வேண்டியதில்லை. ஆனால் நேராகப் பார்த்துக் கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல உரிமை இல்லை. தட்டில் எது விழும் என்பதை நான் முடிவு செய்யலாம். அது என்ன என்று தெரிந்துகொள்வது அவள் உரிமை.

ஆகவே மாற்று தேடினேன், இந்த முறை வெளிப்படையாக. பாஸ்தாவில் சீஸ் செய்யும் வேலைகளைப் பிரித்து எழுதினால் விடை கிடைத்துவிடுகிறது. உப்பு, கொழுப்பு, கெட்டித்தன்மை, அப்புறம் அந்த ஆழமான சுவை. ஜப்பானில் கிகுனே இகேடா 1908-ல் கடற்பாசியிலிருந்து பிரித்து உமாமி என்று பெயர் வைத்தாரே, அது. அதற்குக் காரணமான குளுட்டமேட் தக்காளியிலும் காளானிலும் உண்டு. கொழுப்புக்கு முந்திரி விழுது. குழம்பு பாஸ்தாவோடு ஒட்ட, பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி, அதில் இருக்கும் மாவுச்சத்து போதும்.

மேலே தூவ? சிசிலி, கலாப்ரியா பக்கம் சீஸ் வாங்க வழியில்லாதவர்கள் காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவினார்கள். ஏழைகளின் பார்மசான் என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. இன்று சிசிலியில் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில் அதைத் தூவிய பாஸ்தாவைச் சமைக்கிறார்கள். தச்சரான சூசையப்பரின் பட்டறை மரத்தூளாம் அது! சீஸுக்குப் பதிலாக வந்தது, சீஸ் மாதிரி நடிக்காமல், தன் பெயரிலேயே நின்றுவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

மென்பொருளில் மாற்றுக்கு ஒரு விதி உண்டு. 1987-ல் பார்பரா லிஸ்கோவ் ஓர் உரையில் முன்வைத்தது. ஒரு வகையின் இடத்தில் அதன் துணைவகையை வைத்தால், அதைப் பயன்படுத்தும் ப்ரோக்ராமுக்கு எந்த வித்தியாசமும் தெரியக் கூடாது. பத்து வருடமாக இந்த விதியில்தான் சோறு தின்கிறேன். தெரியாமல் மாற்றுவதே திறமை என்று கை பழகிவிட்டது. ஆனால் அங்கே கேட்பது ப்ரோக்ராம், இங்கே கேட்பது மகள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டித்தூள் பாஸ்தா. அவளையே பக்கத்தில் நிறுத்தி வறுத்தேன். இருந்தும் தட்டு முன்னால் வந்ததும் கேட்டாள்.

"அப்பா, இதுல சீஸ் இருக்கா?"

"இல்லம்மா."

உண்மைதான். ஆனால் அன்று பொய் சொன்னதும் இதே குரல், இதே வார்த்தை. அவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? குனிந்து முகர்ந்தாள். அவள் முகர்ந்து முடிக்கும்வரை நான் பேசாமல் நின்றிருந்தேன்.