மணிக்கு ஆறு கடல்மைல்

குடும்பத்தோடு படகிலேயே குடியேறி, வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வாழ்வது என்று முடிவெடுத்தவர்கள் மோட்டார் படகு பார்க்கப் போனால் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இது கடல் தாண்டுமா?" விற்பவருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும். டேங்க் எத்தனை ஆயிரம் லிட்டர் கொள்ளும், இன்ஜின் மணிக்கு எவ்வளவு குடிக்கும், ஒருமுறை நிரப்பினால் எத்தனை ஆயிரம் கடல்மைல் போகலாம் என்று கணக்கைத் தயாராக வைத்திருப்பார். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அதில் சேராத மூன்று பேர், கேள்வி கேட்ட அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள்.

பாய் இல்லாமல், டீசலை மட்டுமே நம்பி ஒரு சிறு படகு பெருங்கடலைத் தாண்டுமா என்ற சந்தேகம் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. தீர்த்துவைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் பீபி. தனக்கென்று அவர் வரைந்த 50 அடிப் படகான ‘பாசேஜ்மேக்கர்’ கட்டப்பட்டது சிங்கப்பூரில். 1963இல் அங்கிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலையும் செங்கடலையும் கடந்து கிரீஸ் போய்ச் சேர்ந்தார். 1975இல் அவர் எழுதிய ‘வாயேஜிங் அண்டர் பவர்’ இன்றைக்கும் இந்த வழியில் வருகிறவர்கள் படிக்கும் பாடப்புத்தகம். 2001-02இல் ‘நார்ட்ஹவ்ன்’ நிறுவனத்தின் 40 அடிப் படகு ஒன்று உலகத்தையே சுற்றி வந்தது. 2004இல் அதே நிறுவனம் நடத்திய பயணத்தில் 18 மோட்டார் படகுகள் ஃபுளோரிடாவிலிருந்து பெர்முடா, அசோர்ஸ் வழியாக ஜிப்ரால்டர் வரை ஒன்றாகப் போயின. ஆக, தாண்டும். இதில் இனி விவாதிக்க ஒன்றுமில்லை.

விவாதிக்க வேண்டியது வேகத்தைப் பற்றி. தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகும் கனமான படகுக்கு ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைக்கும் எண்தான் அந்த எல்லை. 36 அடி என்றால் மணிக்கு 8 கடல்மைல். அதற்கு மேல் விரட்டினால், தான் எழுப்பிய அலையின் முதுகில் தானே ஏற முயன்று டீசலைக் கொட்டும். எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் கதையே வேறு. 8இலிருந்து 6க்குக் குறைத்தால் ஒரு மைலுக்கு ஆகும் டீசல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே டேங்க், அதே இன்ஜின், இரண்டு மடங்குக்குச் சற்றே குறைந்த தூரம். புதிதாக எதையும் வாங்காமல், கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தே ஒரு சமுத்திரத்தைச் சம்பாதிக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் ஆறு கடல்மைல் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் ஒரு நாளைக்கு 144 கடல்மைல், கிலோமீட்டரில் 267. சென்னையில் ஏறிய பேருந்து ஐந்து மணி நேரத்தில் கடந்துவிடும் தூரம். பெர்முடாவிலிருந்து அசோர்ஸ் சுமார் 1,800 கடல்மைல். பன்னிரண்டு, பதின்மூன்று நாள். அத்தனை நாளும், அத்தனை இரவும், யாராவது ஒருவர் சுக்கானருகே கண்விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் நான்கு பேர் இருந்தால் முறை வைத்துச் சமாளிக்கலாம். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் நான்கு மணி நேரம் நீ, நான்கு மணி நேரம் நான். காகிதத்தில் இது நன்றாகவே இருக்கும். இரவு இரண்டு வரை ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா படுத்து எழுவதற்குள், ஏழு வயதுக்காரன் ஐந்தரைக்கு எழுந்து இட்லி இருக்கிறதா என்றோ, அவன் ஊரில் தின்னும் வேறு ஏதோ இருக்கிறதா என்றோ கேட்டுக்கொண்டு வந்து நிற்பான். அப்பாவுக்கு அது ஓய்வு நேரம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பசி கேட்காது. குழந்தைகள் உள்ள படகில் இரண்டு பெரியவர்கள் என்பது ஒன்றரை ஆள் பலம்தான். மூன்றாவது இரவில் கப்பல் விளக்கு எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு முறை பார்த்தும் பிடிபடாது. டேங்க் 2,500 மைல் என்கிறது. தூக்கம் 300 என்கிறது.

வயிற்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. பாய்ப் படகைக் காற்று ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்வதால் அதன் ஆட்டம் அடங்கியிருக்கும். மோட்டார் படகுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. பக்கவாட்டு அலை வந்தால் இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டே போகும். பீபி இதற்கு மீன்பிடிப் படகுக்காரர்களின் வழியைப் பின்பற்றினார். இருபுறமும் நீண்ட கம்பங்களை விரித்து, அவற்றின் நுனியிலிருந்து கனமான தகடுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இழுத்துச் செல்வது. உருளும் பக்கம் எழும்போது தகடு நீரைப் பிடித்து நிறுத்தும். இப்போது ஹைட்ராலிக் துடுப்புகள் வந்துவிட்டன. வேகமாகச் சுழலும் கனமான சக்கரத்தைக் கொண்டு ஆட்டத்தை அடக்கும் கைரோவும் உண்டு. மூன்றும் வேலை செய்யும், மூன்றுக்கும் செலவு உண்டு. குளிரூட்டியா, பெரிய தொலைக்காட்சியா, உருளலை அடக்கும் கருவியா என்று கணவனும் மனைவியும் வாதிடும் வீட்டில், கருவி பக்கம்தான் என் ஓட்டு. முதல் பயணத்தில் நான்கு மணி நேரம் வாந்தி எடுத்த பெண் குழந்தையை இரண்டாம் பயணத்துக்கு எந்தத் தொலைக்காட்சியும் ஏற்றிவிடாது.

சரி, பெருங்கடலை விட்டுவிடுவோம். வட அமெரிக்காவில் குடும்பங்கள் உண்மையில் போகும் பாதை ஒன்று உண்டு: ‘கிரேட் லூப்’. ஃபுளோரிடாவிலிருந்து அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி, ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பெரிய ஏரிகள் வழியாகச் சிகாகோ. அங்கிருந்து ஆறுகளில் தெற்கே இறங்கி அலபாமாவின் மொபைல். பிறகு வளைகுடாவைத் தொட்டு மீண்டும் ஃபுளோரிடா. சுமார் 6,000 மைல். கோடையில் ஏரிகளில் இருக்க வேண்டும், பனி இறுகுவதற்குள் தெற்கே இறங்கிவிட வேண்டும், ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் பருவத்தில் தென்கரையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலோர் ஒரு வருடத்தில் முடிக்கிறார்கள். வழிநெடுகப் பல இரவுகளில் கரையும் கடையும் பக்கத்திலேயே இருக்கும்.

இந்தப் பாதையில் டேங்க் அளவு ஒரு பொருட்டே இல்லை. இங்கே கணக்கு உயரத்தில் இருக்கிறது. சிகாகோவை ஒட்டிய கால்வாயில், சுற்றிப் போக வழியில்லாத, திறக்கவும் திறக்காத பாலம் ஒன்று உண்டு. அதனடியில் கிடைக்கும் இடைவெளி சுமார் 19.5 அடி. கடல் தாண்டுவதற்கென்று மாடிமேல் மாடி வைத்துக் கட்டிய படகு, மேலே இருப்பதையெல்லாம் மடக்கியும் அதற்குள் அடங்காவிட்டால், அதோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆழத்துக்கும் இதே கதைதான். ஃபுளோரிடாவுக்குப் பக்கத்தில் பஹாமாஸ். குழந்தைகளுக்கு அதைவிட நல்ல கடல் கிடையாது. ஆனால் கனத்த படகுக்கு ஐந்து, ஆறு அடி ஆழம் வேண்டும்; அங்கே பல திட்டுகளில் தண்ணீரே அவ்வளவுதான். உலகத்தைச் சுற்றும் திறனுக்காகக் கோடிக்கணக்கில் கொடுத்தவர் அதே திறனால் பக்கத்து மணல்திட்டுக்குப் போக முடியாமல் வெளியே நங்கூரம் போட்டுக் கிடப்பதைப் பரிதாபம் என்றும் சொல்லலாம், நான் சிரித்துவிடுவேன்.

இன்னொன்றும் உண்டு. படகில் குடியிருப்பவர்கள் ஓடுவதைவிட நின்றிருப்பதே அதிகம். வருடத்தில் பெரும்பகுதி நங்கூரத்திலோ மெரினாவிலோதான். ஆகவே நிற்கும்போது அது எப்படிப்பட்ட வீடு என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 750 லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கும் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். ஏழரை நாள். உப்பு போகத் தலையைக் கழுவியே தீருவேன் என்று பதின்மூன்று வயதுப் பெண் பிடிவாதம் பிடித்தால் ஆறு நாள். சென்னையை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் அதே நுட்பம் ஒரு பெட்டிக்குள் அடங்கிக் கட்டிலுக்கடியில் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் சேறும் எண்ணெயும் மிதக்கும் துறைமுக நீரில் அதை ஓட்டினால் உள்ளிருக்கும் சவ்வு கெட்டுப்போகும். கழிவுக்கும் ஒரு டேங்க். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் கழிப்பறைக் கழிவை அப்படியே கடலில் விடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அந்த டேங்க் நிரம்பிவிட்டால், நல்ல தண்ணீர் மிச்சமிருந்தாலும், ஊருக்குள் போய்க் காலி செய்தாக வேண்டும். வீட்டில் குழாய்க்கும் சாக்கடைக்கும் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஆயுள் முழுக்க வாழ்ந்துவிடலாம். படகில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இரண்டு டேங்கின் அளவும் தெரிந்திருக்கும்.

பெரும்பாலான குடும்பங்களின் பணம் புதுப்படகுக்கு எட்டாது. எட்டுவது, 1970களிலும் 80களிலும் தைவானில் அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டப்பட்ட பழைய ‘டிராலர்’ வகைப் படகுகள். உள்ளே கால் வைத்தால் போதும், தேக்கின் மணத்திலும் பித்தளையின் மினுக்கிலும் பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடும். மீதிப் பாதியை எடுக்க, படகைச் சோதித்துச் சொல்லும் ஒரு சர்வேயர் வேண்டும். அவர் கையில் சின்னப் பிளாஸ்டிக் சுத்தியல். மண்டியிட்டு, மேல்தளத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். சந்தையில் தேங்காய் வாங்குகிற பாட்டியின் அதே காது. டக், டக், டக் என்று கெட்டியாக வந்த சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்று அமுங்கும். அழகுக்காகப் பதித்த தேக்குப் பலகைகளை ஆயிரக்கணக்கான திருகாணிகள் ஃபைபர்கிளாஸில் துளைபோட்டுப் பிடித்திருக்கின்றன. பூச்சு வறண்டதும் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். மழைநீர் உள்ளே இறங்கி, நடுவிலிருக்கும் மரத்தை ஊறவைத்து அழுகவிட்டிருக்கும். அதே நீர் இன்னும் கீழே சொட்டும் இடம் எது? இன்ஜினின் இருபுறமும் இருக்கும் இரும்பு டீசல் டேங்குகளின் தலை. அவை மேலிருந்து துருப்பிடிக்கும். மாற்ற வேண்டுமென்றால் டேங்கைத் துண்டு துண்டாக அறுத்து எடுக்க வேண்டும், இல்லையேல் இன்ஜினையே தூக்கி வெளியே வைக்க வேண்டும். இந்தப் படகுகளில் பலவற்றில் இருக்கும் ஆறு சிலிண்டர் ஃபோர்டு லெஹ்மன் இன்ஜினோ, நிதானமாக ஓட்டி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றிவந்தால் பல்லாண்டு உழைக்கும். இன்ஜினைப் பார்த்துப் பயந்து, தேக்கைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள்தான் அதிகம். நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

ஓர் இன்ஜினா இரண்டா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. இரண்டு இருந்தால் தைரியம் என்பார்கள். நடுக்கடலில் இன்ஜின் நிற்பதற்கு முக்கியக் காரணம் அழுக்கு டீசல். இரண்டும் அதே டீசலைத்தான் குடிக்கின்றன. ஓர் இன்ஜின் என்றால் படகின் அடியில் நடுவே ஓடும் ஏரா புரொப்பெல்லருக்குக் காவலாக நிற்கும்; பராமரிப்பும் பாதி. போதும்.

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு விஷயம் தெளிவாகும். டேங்க் ஒரு தூரம் சொல்கிறது, தூக்கம் ஒரு தூரம் சொல்கிறது, வயிறு ஒன்று, பாலம் ஒன்று, குளியலறை ஒன்று. படகு போகப்போவது இவற்றில் ஆகக் குறைந்ததுதான். அந்தக் குறைந்த தூரத்தைத் தன் உடம்பில் சுமந்திருப்பவர் பெரும்பாலும் இந்த யோசனையை முதலில் சொன்னவர் அல்ல. ‘எல்லாரும் போகிறீர்கள், நானும் வருகிறேன்’ என்று கிளம்பியவர். குடும்பத்தின் வேகத்தை முன்னால் நடப்பவர் நிர்ணயிப்பதாகத் தோன்றும். முதலில் களைக்கிறவர்தான் நிர்ணயிக்கிறார். அவர் நிற்கிற இடத்தில் மற்றவர்களும் நின்றால் மறுநாளும் பயணம் உண்டு. அவரை இழுத்துக்கொண்டு ஒரு நாள் கூடுதலாக ஓடினால், அடுத்த துறைமுகத்தில் படகின் கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டை. பீபியின் படகு வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்கியது. வீட்டுக்குள் அந்த விதி இன்னும் கறாரானது: தூரம் போன குடும்பங்கள், தங்களில் மெதுவானவரைக் குறையாக நினைக்காத குடும்பங்கள்.

அதனால் படகு பார்க்கப் போகும்போது இன்ஜின் அறைக்கு முதலில் ஓட வேண்டாம். தயங்கித் தயங்கி வந்தவரை முதலில் உள்ளே அனுப்புங்கள். அடுப்பின் முன் நிற்கட்டும், ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்று பார்க்கட்டும். குழந்தைகளின் கட்டிலைப் பெரியவர் ஒருவர் படுத்தே அளந்து பார்க்க வேண்டும். எட்டு வயதில் ஏறுகிற பையன் பன்னிரண்டில் காலை நீட்ட முடியாமல் தவிப்பான். வாங்கும் அன்றே விற்கும் ஆண்டும் ஏறக்குறையத் தெரிந்துவிடும், அதில் வருத்தப்பட எதுவுமில்லை. முடிந்தால் அதே மாதிரியான படகு ஒன்றை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள், மழை பெய்யும் மாதமாகப் பார்த்து. இவ்வளவுக்கும் பிறகு, எனக்கென்று ஒன்று சொல்லச் சொன்னால், 40 அடிக்குள், ஒற்றை இன்ஜின், பாலத்துக்கு அடங்கும் உயரம், நான்கு அடிக்குள் ஆழம் என்பேன். கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். டீசல் டேங்க் காத்துக்கொண்டிருக்கிறது.